லண்டன் கேர் விசாவுக்கு 14 லட்சம் கேக்காரு ஏஜென்ட், வயலை விக்கலாமா?

பாளைத்தம்பி:
அண்ணாச்சி, அக்காமாரே, தங்கச்சி பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு 3 வருஷமா பாளையங்கோட்டையில வேலை பாக்கா. "பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளிய வந்துட்டு, முதியோர் இல்லத்துல ஆளே இல்ல, கேர் விசா ரெடி"ன்னு ஒரு ஏஜென்ட் சொல்லுதாரு. முன்னீர்பள்ளத்து அரை ஏக்கரை வித்துரணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கா. அவர் சொல்லுதது நெசமா?

லெஸ்டர் அக்கா:
தம்பி, பத்திரத்தை வெளிய எடுத்துராதீங்க. நான் வள்ளியூர்க்காரி. 2022 கடைசியில கேர் விசாவுலதான் இங்க வந்தேன். அவர் சொல்லுதது அன்னைக்கு நெசம், இன்னைக்கு இல்ல.

முன்னால ருமேனியா, போலந்துக்காரங்க விசாவே இல்லாம வந்து இந்த வேலையைப் பாத்தாவ. 2020 ஜனவரி 31-ல பிரிட்டன் வெளியேறிட்டு. 2021 பிறந்ததும் அவங்களுக்கும் விசா வேணும்னு ஆயிட்டு. கேர் வேலைக்கோ அப்ப விசாவே கிடையாது. கொரோனா வேற. 2021-22-ல இங்கிலாந்துல மட்டும் இந்தத் துறையில 1,65,000 இடம் காலி. அந்த நெருக்கடியிலதான் 2022 பிப்ரவரியில நமக்கு வழி விட்டாவ. எனக்குக் குடுத்த லாக்கர்ல ஒரு ருமேனியாப் பொண்ணு பேரு ஸ்டிக்கர் அப்படியே இருந்துச்சு. நகத்தால சுரண்டினேன், பாதிதான் வந்துச்சு. மீதி இன்னும் இருக்கு.

வெளியாள் வரத்தைக் குறைக்கணும்னு ஓட்டுப் போட்ட நாட்டுல, 2023 ஜூனோட முடிஞ்ச ஒரே வருஷத்துல போனவங்களைக் கழிச்சு வந்தவங்க 9 லட்சத்துக்கு மேல. அரசாங்கம் பிடியை இறுக்கிட்டு. 2024 மார்ச் 11-க்குப் பெறவு கேர் விசாவுல வாரவங்க புருஷன், பிள்ளையைக் கூட்டிட்டு வர முடியாது. 2025 ஜூலை 22-ல வெளிநாட்டுல இருந்து கேர் வேலைக்கு ஆள் எடுக்கதையே நிறுத்திட்டாவ. இல்லாத விசாவுக்கு எதுக்கு 14 லட்சம்?

சாந்திநகர் மாமா:
அந்தப் பிள்ளை சொல்லுதது சரி. எங்க மச்சான் மவன் 2023-ல 12 லட்சம் கட்டிப் போனான். இறங்கினா வேலையே இல்ல. அஞ்சு மாசத்துல வெளிநாட்டு ஆள் எடுக்க அந்தக் கம்பெனிக்கு இருந்த லைசென்ஸும் போச்சு. 60 நாளைக்குள்ள வேற ஸ்பான்சர், அதான் விசாவுக்குப் பொறுப்பேத்து வேலை குடுக்க கம்பெனி, பிடிக்கணும்னு லெட்டர். மதினி தாலிச்செயின் இன்னும் அடகுலதான் கிடக்கு.

லெஸ்டர் அக்கா:
தம்பி, ஒண்ணு விட்டுட்டேன். தங்கச்சி நர்ஸுல்லா! அவ நர்ஸாவே வரட்டும், அந்த வழி திறந்துதான் இருக்கு. முதல்ல ஓஇடி இல்லன்னா ஐஇஎல்டிஎஸ்னு ஒரு இங்கிலீஷ் பரீட்சை, பெறவு நர்சிங் பத்தி கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை. ரெண்டையும் ஊர்ல இருந்தே எழுதலாம். செய்முறைப் பரீட்சை மட்டும் இங்க வந்து. அவளைப் போய் நர்ஸ் வேலையை விட்டுட்டு வரச் சொல்லுதாரே, அதுதான் வயிறு எரியுது.

பாளைத்தம்பி:
நைட் டியூட்டி முடிஞ்சு வந்ததும் அவகிட்ட காட்டுதேன் அக்கா. ஓஇடி கிளாஸ் திருநெல்வேலியிலயே போதுமா, இல்ல ஆன்லைன்ல படிக்கணுமா?