வியட்நாம் வயல்களில் ஒன்பது நாள்: போனவர்கள் எழுதுங்கள்

பொங்கல் கழிந்த கையோடு திருச்சியில் விமானம் ஏறிய விவசாயிகள் பதினெட்டு பேரும் இருநூறு படம் அனுப்பிவிட்டீர்கள். ஒரு வரிகூட எழுதவில்லை. வயலில் பறந்த ட்ரோனின் படம் போதும். உங்கள் ஊரையும் பயிரையும் மேலே போட்டு, யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த முறை வருகிறவர்களுக்கு அதுதான் உதவும்.
(ஒருங்கிணைத்தவன்)

ஆலங்குடி, டிராகன் பழம்

நானே தொடங்குகிறேன். தெற்கு வியட்நாமில் பான் தியெட் நகருக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஏதோ தேர்த் திருவிழா என்றுதான் நினைத்தேன். கண்ணுக்கெட்டிய வரை வரிசையாக விளக்கு, ஒவ்வொன்றின் கீழும் சிமென்ட் தூணில் தலைவிரித்த செடி.

டிராகன் செடிக்குப் பகல் நீண்டால்தான் மொட்டு வரும். பகல் குறுகும் மாதங்களில் இரவில் சில மணி நேரம் விளக்கெரித்து இருட்டை இடையில் முறித்துவிடுகிறார்கள். பதினைந்து, இருபது இரவு இப்படிச் செய்தால் செடி ஏமாந்து பூக்கிறது. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் செவ்வந்திக்கு விளக்குப் போடுவது பூக்காமல் தள்ளிப்போட. இங்கே பூக்க வைக்க. பான் தியெட்டும் புதுக்கோட்டையும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை என்பதால் எனக்கு ஒரே பரபரப்பு. எத்தனை வாட் பல்பு, எத்தனை அடி உயரம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே போனேன்.

தோட்டக்காரர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, பாதித் தோட்டம் இருட்டாகக் கிடப்பதைக் காட்டினார். ஏன் என்றேன். சீன வியாபாரியிடமிருந்து விலை வராமல் அந்தப் பக்கத்துச் சுவிட்சைத் தொடுவதில்லையாம். கொரோனாக் காலத்தில் எல்லையில் லாரிகள் நின்றுபோய்ப் பழத்தை மாட்டுக்குப் போட்டவர் அவர். நோட்டில் அதற்குப் பிறகு நான் எதுவும் எழுதவில்லை.

தாண்டிக்குடி, காப்பியும் மிளகும்

அண்ணன் விளக்கைப் பார்த்தார், நான் மொட்டைத் தூண்களைப் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன், மறைக்கவில்லை. வியட்நாம் மிளகு வந்து நம் விலையைக் கெடுத்தது என்று மலையில் பேசாத ஆளில்லை. 2017 இறுதியில் நம் அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

ஜியா லாய் மாகாணத்தில் சூ சே என்ற ஊர். நாம் சில்வர் ஓக்கிலும் முள்முருங்கையிலும் ஏற்றுகிற கொடியை அவர்கள் தூணில் ஏற்றி, நெருக்கி நட்டு, உரத்தையும் தண்ணீரையும் கொட்டி வளர்த்தார்கள். 2015 வாக்கில் விலை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கி நட்டவர்கள் ஏராளம். பிறகு வேரழுகலும் விலைச்சரிவும் ஒன்றாக வந்தன. நாங்கள் போன தோட்டத்தில் தூண்கள் நிற்கின்றன, கொடி இல்லை. இடையிடையே துரியன் கன்று. தூணைப் பிடுங்கக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிச் சிரித்தார் அந்த மனிதர். என் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். காப்பியிலும் பிரேசிலுக்கு அடுத்த இடம் அவர்களுக்குத்தான்.

லால்குடி, வாழை

ஒரு குறையையும் பதிந்துவிடுகிறேன். பயண முகவர் எங்களை முத்துக் கடையிலும் மூங்கில் துணிக் கடையிலும் இறக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் வீணாக்கினார். அந்த நேரத்தில் இன்னொரு வயல் பார்த்திருக்கலாம். இன்னொன்று, வயலுக்கு வந்த ட்ரோனைச் சுற்றி நின்று படமெடுத்தவர்கள் யாரும் அதை ஓட்டிய பையனிடம் பேசவில்லை. அவன் நிலத்துக்காரன் அல்ல, வாடகைக்கு வருகிறவன். நம் ஊரில் அறுவடை இயந்திரம் வருவதைப்போல.

வேதாரண்யம், நெல்

எனக்குச் சோக் ட்ராங் பகுதியில் (2025 வரை தனி மாகாணம்) பார்த்ததைச் சொல்லாமல் தூக்கம் வராது.

இறால் என்றாலே எங்கள் பக்கம் பகைச்சொல். தொண்ணூறுகளில் குளம் வெட்டிக் கடல்நீரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிணறு உவர்த்தது, பக்கத்து வயல் வெளுத்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். என் அப்பா அந்த ஊர்வலங்களில் நடந்தவர். அப்படிப்பட்டவர் மகன் ஒரே வயலில் நெல்லும் இறாலும் என்று கேட்டால் என்ன நினைப்பான்? பஸ்ஸைவிட்டு இறங்கவே மனமில்லை.

வயலைச் சுற்றி அகலமான பள்ளம், நடுவில் மேடு. கோடையில் ஆற்றில் உப்பு ஏறும்போது மதகைத் திறந்து இறால் விடுகிறார்கள். மழை தொடங்கியதும் மதகை மூடி, மழைநீரால் உப்பைக் கழுவிக் கழுவி வெளியேற்றி, மேட்டில் நெல் நடுகிறார்கள். நெல்லின் தாள் மக்கி இறாலுக்கு இரையாகிறது. பூச்சிமருந்து அடித்தால் இறால் செத்துவிடும் என்பதால் நெல்லுக்கும் மருந்தில்லை. 2019இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு பெற்ற எஸ்.டி.25 அந்தப் பகுதி ரகம்தான். இந்த வயல்களுக்கு ஒத்துப்போகிறதாம்.

மொழிபெயர்ப்பாளர் வழியாக நான் கேட்டது ஒன்றுதான்: பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வரமாட்டாரா? கேள்வி அந்த வயல்காரருக்குப் புரியவில்லை. மூன்று முறை மாற்றிக் கேட்ட பிறகு சொன்னார்: பக்கத்து வயலிலும் இதேதான், ஒரே நாளில் எல்லோரும் மதகைத் திறக்கிறோம், ஒரே நாளில் மூடுகிறோம். எங்கள் ஊரில் குளம் ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது. உப்பு மட்டும்தான் பொதுவாக இருந்தது.

எல்லாம் சுகம் என்றும் இல்லை. 2016இல் மழை பொய்த்து மேக்கோங் டெல்டாவின் பெரும்பகுதியில் உப்பேறியது. அப்படிப்பட்ட ஆண்டில் கழுவ நீர் ஏது? இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னார்குடி, வயது 74

தம்பிகள் நிறைய எழுதிவிட்டீர்கள், நான் சுருக்கமாக. அதே டெல்டாவில் கான் தோ நகரத்துப் பக்கம் வயலில் துளைபோட்ட குழாய் நட்டுத் தண்ணீர் இறங்குவதை அளக்கிறார்கள். வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவதை நாம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்போமே, அதேதான். பத்து லட்சம் எக்டேரை இப்படி மாற்ற அவர்களுடைய அரசு 2023இல் திட்டம் போட்டிருக்கிறது.

அங்கே வரப்பில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் தொலைவில் இருந்தார். சேற்றில் குச்சியால் ஐ.ஆர். 8 என்ற பழைய நெல் ரகத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினேன். அவர் எழுந்து நின்று ஏதோ சொன்னார். ஓடி வந்தவர் விளக்கினார்: போர்க்காலத்தில் அந்த நெல் வந்தபோது உழவுத் தெய்வத்தின் பெயரையே அதற்கு வைத்தார்களாம். எங்கள் களத்தில் அது முதன்முதலில் குவிந்த நாளில் நான் பள்ளிக்கூடப் பையன். விளைச்சலுக்குக் கையை உயர்த்திக் காட்டினேன், அவரும் உயர்த்தினார். பிறகு அவர் ஒரு கவளம் உருட்டுவதுபோல் பாவனை செய்து, வாயில் வைத்து, கல்லைக் கடித்தவர்போல் முகத்தைச் சுளித்தார். ஆறினால் அந்தச் சோறு அப்படித்தான். இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ் புறப்படுவதற்கு அடித்த ஹாரன் காதில் விழவில்லை.