டிரான்ஸ்மிஷன், மாஸ்ட்: துறைதோறும் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம். ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேர்ப்பதைக் குறிக்கும் ‘டிரான்ஸ்மிஷன்’ (transmission) என்பதற்குப் பொறியியல், உயிரியல், மருத்துவம் மூன்றுக்கும் பொதுவாகக் ‘கடத்தம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடு இல்லை. கடத்தல் என்றாலே சத்தியமங்கலம் காடும் சந்தனக் கட்டையும் நினைவுக்கு வரும் வட்டாரம் நம்முடையது என்பது சிறிய காரணம். செம்புக் கம்பியைக் ‘கடத்தி’ என்று பள்ளிப் பிள்ளைகள் தயங்காமல் சொல்வதால் அந்த மறுப்பு நிற்காது. வினையை நிகழ்த்துவது யார் என்பது துறைக்குத் துறை மாறுகிறது என்பதே பெரிய காரணம்.

நீலகிரியின் பைக்காராவில் எடுத்த மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து ஆலைகளை ஓட்டியது. அதை அனுப்புவோர் ஒரு முனையில் இருக்கிறார்கள். எனவே அது மின்செலுத்தம். தமிழ்நாடு அரசின் மின்கழகம் ஒன்றின் பெயரில் உள்ள ‘மின் தொடரமைப்பு’ என்பது கம்பி, கோபுரம், துணைமின் நிலையம் எல்லாம் சேர்ந்த கட்டமைப்பைத்தான் சுட்டுகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டம் வரும் தடம் தொடரமைப்பு; அதில் நடப்பது செலுத்தம். பழைய ஆலைகளில் கூரையடியில் சுழன்ற லைன் ஷாஃப்ட் என்ற நீண்ட தண்டிலிருந்து எந்திரங்களுக்குத் தட்டைப் பெல்ட் இறங்கும். சுமை கூடினால் பெல்ட் புல்லியில் வழுக்கி, ஷாஃப்டின் வேகம் எந்திரத்துக்கு முழுதாக வந்து சேராது. அந்தப் பெல்ட் ஏற்பாட்டுக்கும் காரின் கியர்பெட்டிக்கும் ‘விசைச் செலுத்தம்’ பொருந்தும்.

நரம்பியலில்தான் ‘கடத்தம்’ உண்மையிலேயே இடறுகிறது. நரம்பிழை நெடுக மின்குறிப்பு ஓடுவதைக் கடத்தல் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இழை முடியுமிடத்தில் ஒரு வேதிப்பொருள் வெளிப்பட்டு, நுண்ணிய இடைவெளியைத் தாண்டி அடுத்த செல்லைத் தூண்டுவது வேறு நிகழ்ச்சி. இதைத்தான் உடலியலார் டிரான்ஸ்மிஷன் என்கிறார்கள். இதற்குக் ‘குறிப்புக் கைமாற்றம்’ என்பேன். (கைமாற்று என்றால் நம் ஊரில் அவசரத்துக்கு வாங்கும் கடன் என்று யாராவது சிரிக்கக்கூடும்; சிரிக்கட்டும்.)

நோயை யாரும் செலுத்துவதில்லை. ஊரெங்கும் பெருகுவதைப் பரவல் என்றும், ஓருயிரிடமிருந்து இன்னோர் உயிருக்குச் செல்வதைத் ‘தொற்றுகை’ என்றும் பிரித்துக்கொண்டால், தாயிடமிருந்து குழந்தைக்கு வருவதைத் தாய்வழித் தொற்றுகை எனலாம். மடிநோய் கண்ட மாட்டைக் கறந்த கையைக் கழுவாமல் அடுத்த மாட்டின் காம்பைப் பிடிப்பதால் வருவதைக் கறவைவழித் தொற்றுகை எனலாம். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழக் காரணமான நோயைச் சுமந்து வந்த எலித்தெள்ளுக்கு, இலங்கைத் தமிழர் வழங்கும் ‘நோய்காவி’ என்ற சொல்லே சிறந்தது. பழனிக்குக் காவடி எடுக்கும் நமக்குக் காவுதல், அதாவது சுமத்தல், அயலான வினை அன்று.

‘மாஸ்ட்’ (mast) விஷயத்தில், மரங்களின் மாஸ்டும் மாஸ்ட் செல்லும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை; மற்றவற்றுக்கு ஒலி ஒன்றாயிருப்பதைத் தவிர வேறு உறவே இல்லை. கால்நடை மருத்துவத்தின் மாஸ்டைட்டிஸ் கிரேக்கத்தில் மார்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மடிநோய் இருக்கிறது. ஓக், பீச் மரங்கள் சில ஆண்டுகளில் காய்களை மிகுதியாகச் சொரிவதை ஆங்கிலத்தில் மாஸ்டிங் என்பார்கள்; அதை ‘விதைப்பெருக்கு’ எனலாம். நம் உடல் திசுக்களில் உள்ள மாஸ்ட் செல்லுக்கு 1878இல் பெயரிட்ட ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக், அதன் உள்மணிகள் ஊட்டம் தருவன என்று கருதி, கொழுக்க ஊட்டுதலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை வைத்தார். அம்மணிகளில் அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமின் இருப்பதும், ஒவ்வாமையில் அது வெளிப்படுவதும் பின்னர் தெரிந்தன. ஆகவே ‘ஊட்டச்செல்’ என்று மொழிபெயர்த்துப் பழைய பிழையைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டாம். மாஸ்ட் செல் என்றே இருக்கட்டும்.

உயர்ந்த கம்பத்தைக் குறிக்கும் பொறியியலின் மாஸ்டுக்கு, சங்கப் பாடல்களில் பாய்மரத்தைக் குறித்த ‘கூம்பு’ என்ற சொல்லை மீட்கலாம் என்பது அழகான யோசனைதான். ஆனால் கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. தன் காலில் நிற்பது கோபுரம். நாற்புறமும் ஸ்டே கம்பி இழுத்துப் பிடிக்க நிற்பதைக் ‘கட்டுக்கம்பம்’ எனலாம். கம்பி வளைப்போர் கையாளும் கட்டுக்கம்பியோடு இது குழம்புமா என்பதைக் கட்டுமானத் துறையினர்தான் சொல்ல வேண்டும்; குழம்புமென்றால் ‘இழுகம்பிக் கம்பம்’ என்று நீட்டிக்கொள்ள எனக்குத் தடையில்லை.