செல்பேசி வந்த பிறகும் கார்மின் நிலைத்தது எப்படி?

திருப்பரங்குன்றம் வேன்காரர்:
வணக்கம். நான் இரண்டு சுற்றுலா வேன்கள் வைத்துத் தொழில் செய்கிறேன். 2010 வாக்கில் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த கார்மின் நூவி என்ற வழிகாட்டிக் கருவி ஒன்று, டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு நேர் மேலே, முன்கண்ணாடியில் ஆறேழு ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது பதிந்த வட்டத் தழும்பு கண்ணாடியில் இன்னும் இருக்கிறது. இப்போது ஓட்டுநர்கள் எல்லாரும் செல்பேசியையே மாட்டிக்கொள்வதால், கருவி மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. அதைச் செய்த நிறுவனமும் மூடப்பட்டிருக்கும் என்றே எண்ணியிருந்தேன். ஆனால் போன வாரம் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அதே பெயர் பொறித்த கைக்கடிகாரத்தைக் கண்டேன். விலையைக் கேட்டதும் திகைத்துப் போனேன். வழிகாட்டும் வசதியைக் கூகுள் இலவசமாகக் கொடுத்த பிறகும் இந்நிறுவனம் எப்படிப் பிழைத்தது?

கே.கே. நகர் வாசகர்:
ஐயா, கார்மினைக் கார்க் கருவி நிறுவனம் என்று மட்டும் நினைப்பதால்தான் இந்த வியப்பு. விமான மின்னணுத் துறையில் வேலை பார்த்த கேரி பர்ரெல், மின் காவ் ஆகிய இருவர் 1989இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் இதைத் தொடங்கினார்கள். இருவர் பெயரின் முற்பகுதிகளும் சேர்ந்ததே கார்மின். தொடக்கத்தில் படகோட்டிகளும் விமானிகளுமே இவர்களுடைய வாடிக்கையாளர்கள்.

செயற்கைக்கோள்களைக் கொண்டு இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ்ஸின் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத்தில் நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிய கருவி, அதாவது மதுரை மீனாட்சி கோயிலின் ஆடி வீதியில் நிற்பவரைச் சித்திரை வீதியில் நிற்பதாகச் சொல்லக்கூடிய கருவி, பத்து இருபது மீட்டருக்குள் துல்லியமாகிவிட்டது. கார்களுக்குள் இது பரவலாக நுழைந்தது அதன் பிறகுதான். 2008இல் கார்மினின் வருவாய் ஏறத்தாழ 349 கோடி டாலர். அதில் முக்கால் பங்குக்கு நெருக்கமான தொகை கார்க் கருவிகளிலிருந்தே வந்தது. 2009 அக்டோபரில் கூகுள் தன் இலவச வழிகாட்டியை அறிவித்தது. கார்மின் தானே செல்பேசி செய்ய முனைந்து, தாமதத்துக்குப் பின் நூவிஃபோனைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அதே மாதத்தில்தான். மறு ஆண்டே அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. 2008இன் வருவாயை மீண்டும் தாண்ட 2019 வரை காத்திருந்தார்கள்.

சிம்மக்கல் பெரியவர்:
மேலே சொன்னவற்றில் ஒரு திருத்தம். எல்லாப் பழியையும் கூகுள் தலையில் கட்டுவது சரியன்று. 2007 அக்டோபரில் 120 டாலரைத் தாண்டிய கார்மின் பங்கு, 2008 இறுதியில் 20 டாலருக்கும் கீழே கிடந்தது. கூகுளின் அறிவிப்புக்கு அப்போது இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருந்தது; விலைப் போட்டியும் நிதி நெருக்கடியும் முன்பே அடித்துவிட்டன.

பிழைத்த காரணத்தை 2007இல் தேட வேண்டும் என்பது என் கருத்து. டெலி அட்லஸ் என்ற வரைபட நிறுவனத்துக்காகக் கார்மினும் அதன் போட்டி நிறுவனமான நெதர்லாந்தின் டாம்டாமும் ஏலம் கேட்பதுபோல் மோதின. டெலி அட்லஸின் பங்கு ஒன்றுக்கு 24.50 யூரோ தருவதாகக் கார்மின் சொல்ல, டாம்டாம் 30 யூரோவுக்கு ஏற்றியது. கார்மின் விலகிக்கொண்டு, நாவ்டெக் என்ற மற்றொரு வரைபட நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. டாம்டாம் 290 கோடி யூரோவுக்கு, பெருங்கடன் வாங்கி, டெலி அட்லஸை வென்றது. 2008 கணக்கிலேயே, வாங்கிய அந்நிறுவனத்தின் மதிப்பை 100 கோடி யூரோவுக்கு மேல் குறைத்து எழுத நேர்ந்தது. சந்தை சுருங்கியபோது ஒருவர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார், கடனில்லாத மற்றவர் அடுத்த பொருளுக்குச் செலவு செய்தார்.

ரேஸ்கோர்ஸ் ஓட்டக்காரர்:
அந்த அடுத்த பொருள்தான் ஐயா கடையில் பார்த்த கடிகாரம். ஓட்டக்காரர்களுக்கான கார்மினின் ஃபோர்ரன்னர் கடிகாரம் 2003இலேயே வந்துவிட்டது. காலை ஐந்தரை மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தால், செயற்கைக்கோள் பிடிபடும் வரை மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு நான்கைந்து பேர் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். கார்மினுக்கும் அடி விழாமல் இல்லை. 2020 ஜூலையில் பணயத் தொகை கேட்கும் நச்சுநிரல் தாக்கி இணையச் சேவைகள் பல நாள் முடங்கின. ஓட்டக்காரர்கள் மட்டுமல்லாமல், விமானிகளுக்கான தரவுச் சேவையும் பாதிக்கப்பட்டது. இருந்தும் 2024இல் வருவாய் 630 கோடி டாலரை எட்டியது.

திருப்பரங்குன்றம் வேன்காரர்:
மூவருக்கும் நன்றி. நேற்று இழுப்பறையிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தேன். வரைபடத்தைப் புதுப்பிக்காதது என் சோம்பல்தான்; 2023இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் மேல் வேன் போய்க்கொண்டிருக்க, கருவி என்னைக் கீழே கூட்டிப் போய்க்கொண்டிருந்தது.