‘வாழும் உயில்’ வேண்டாம் என்றால் வேறு என்ன? சிகிச்சை விருப்பங்களுக்கு ஒரு சொல் தேடி

மடல் 1
அனுப்பியவர்: ந.வே. (செவிலியர் பயிற்சி, திண்டுக்கல்)

குழுவினருக்கு வணக்கம்.

மகளிர் குழுக் கூட்டங்களில் கொடுப்பதற்காக நான்கு பக்கத் துண்டேடு ஒன்று தயாராகிறது. நோய் முற்றித் தன்னால் பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யாரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்பே வீட்டாரிடம் பேசிவிடுவதுதான் பொருள். அட்டையில் போட ஒரு பெயர் வேண்டும். புழக்கத்தில் இருப்பவை எதுவும் தேறவில்லை.

செய்தித்தாள்கள் ‘வாழும் உயில்’, ‘உயிருள்ள உயில்’ என்கின்றன. உயில் என்றதும் காதில் விழுவது சொத்து. “எனக்கு எழுதி வைக்க என்னம்மா இருக்கு, ஒரு ஓட்டு வீடு, அதுக்கும் பட்டா இல்லை” என்று பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சொத்து இருப்பவர்களோ மகன்களுக்குள் சண்டை வரும் என்று வாயே திறக்கமாட்டார்கள்.

‘முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல்’ என்பதையும் போட்டுப் பார்த்தோம். தமிழ்நாட்டில் ‘திட்டம்’ என்றால் அரசுத் திட்டம். அடுத்த கேள்வி “ஆதார் வேணுமா, மாசம் எவ்வளவு வரும்?” ‘பராமரிப்பு’ என்றால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது.

இன்னொரு சிக்கல் தெற்கு மாவட்டங்களுக்கே உரியது. ‘இறுதி’, ‘கடைசி’, ‘முடித்து’ போன்ற சொற்கள் வந்தால் விருதுநகர்ப் பக்கத்தில் தலைக்கூத்தல் நினைவுக்கு வரும். படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவைக்கும் அந்த வழக்கத்தைக் கேள்விப்படாத கிழவி அங்கே இல்லை. அவர்கள் முன்னால் ‘இறுதிக்கால முடிவு’ என்று அச்சடித்த தாளை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? முடிவெடுப்பது வீட்டார், பலியாவது தான் என்றுதான். சொல்லவருவதோ இதற்கு நேர்மாறானது.

ஆகவே சொல்லில் சாவும் வேண்டாம், சொத்தும் வேண்டாம். 70 வயது ஆத்தாளிடம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

மடல் 2
அனுப்பியவர்: இரா. (வழக்கறிஞர், மதுரை)

ந.வே. அம்மா, நீங்கள் ஒரு சொல் கேட்கிறீர்கள். இதில் இருப்பது நான்கு பொருள்கள். ஒரே பெயரில் அடைத்தால் பின்னால் நீதிமன்றத்தில்தான் அவிழ்க்க வேண்டிவரும்.

முதலாவது வீட்டில் நடக்கும் பேச்சு. இரண்டாவது அந்தப் பேச்சிலிருந்து பிறக்கும் ஆவணம். மூன்றாவது நோயாளிக்காகப் பேசும் ஆள். நான்காவது மருத்துவமனைக் கோப்பில் மருத்துவர் எழுதும் உத்தரவு.

சட்டம் கைவைப்பது பெரும்பாலும் இரண்டாவதில். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லி இந்த ஆவணத்தை ஏற்றது. ஆனால் முதல்நிலை நீதித்துறை நடுவர் மேலொப்பம் இட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தது. நடைமுறையில் யார் போய் நடுவர் முன்னால் நிற்பது? 2023 ஜனவரி 24 அன்று அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இப்போது வயதுவந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரையும் எழுதலாம். ஒரு படி உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலரிடம் போக வேண்டும், அது ஊராட்சியாகவும் இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

எழுதிக் கொடுத்ததும் மருத்துவர் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம் பலருக்கு. அப்படி இல்லை. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோய், முடிவெடுக்கும் திறன் போய்விட்ட நிலை, இரண்டும் சேர்ந்தால்தான் ஆவணம் உயிர்பெறும். பிறகு சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு துறை வல்லுநர்களும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். அதற்குமேல் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவரும், இரண்டு வல்லுநர்களும் கொண்ட இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நடைமுறைப்படுத்தும் முன் நடுவருக்குத் தகவல் போகும். அனுமதிக்கு அல்ல, தகவலுக்கு.

துண்டேட்டில் இதை ஒரு பத்தியில் போடுங்கள். அட்டையில் வேண்டாம். ஆவணம் இல்லாதவர்களுக்கும் வீட்டார் சம்மதத்தோடு இதே குழுக்கள் வழியாக முடிவெடுக்க இடமிருக்கிறது. அப்போது வீட்டார் கையில் இருப்பது நோயாளி முன்பு பேசியது மட்டுமே. அதனால் முதலாவதற்குத்தான் நல்ல பெயர் வேண்டும்.

மடல் 3
அனுப்பியவர்: மா.க. (மொழிபெயர்ப்பாளர், சிங்கப்பூர்)

வணக்கம். ‘பராமரிப்பு’ எங்கள் ஊரில் நன்றாக ஓடுகிற சொல், முதியோர் பராமரிப்பு என்று தினமும் கேட்கிறோம். தமிழ்நாட்டில் அது மின்தடையாகிவிடுகிறது என்பதைப் படித்துச் சிரித்தேன்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன பிரிவினைக்குச் சிங்கப்பூர் நல்ல சான்று. இங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுசெய்யும் ஒரு படிவம் இருக்கிறது. தீரா நோயின் முடிவில், உயிரை நீட்டிக்க மட்டுமே உதவும் அசாதாரணச் சிகிச்சை வேண்டாம் என்று மட்டும்தான் அதில் சொல்லலாம். இரண்டு சாட்சிகளில் ஒருவர் மருத்துவர். சாட்சிகள் 21 வயது நிரம்பியவர்கள், இறப்பால் ஆதாயம் அடையாதவர்கள். அந்தப் படிவம் போட்டிருக்கிறாரா என்று மருத்துவர் விசாரிக்கவும் கூடாது. இதற்கு அடுத்த மேசையிலேயே பயிற்சி பெற்ற உரையாளரோடு உட்கார்ந்து, வாழ்வில் எது முக்கியம் என்பதிலிருந்து தொடங்கிப் பேசிப் பதிந்துகொள்ளும் வேறொரு ஏற்பாடு. அது சட்டப் படிவம் அல்ல, அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கலாம். ஒன்று கேட்கவே கூடாதது, மற்றது கேட்டே ஆக வேண்டியது. இரண்டையும் ‘முன்கூட்டிய’ என்றே தொடங்கினால் தாதியருக்கே குழம்புகிறது.

என் கருத்து: ‘முன்கூட்டிய’ என்ற அடைமொழியை விட்டுவிடலாம். வங்கிக் கடனை முன்கூட்டி அடைப்பதைப் போல ஒலிக்கிறது. ஆவணத்துக்கு மட்டும் ‘சிகிச்சை முன்விருப்ப ஆவணம்’ என்று வைக்கலாம்.

மடல் 4
அனுப்பியவர்: ப. (நோய்த்தணிப்பு மருத்துவர், சேலம்)

நான்காவது பொருளைப் பற்றி மட்டும். இதயம் நின்றுபோனால் என்ன செய்வது என்ற உத்தரவை மருத்துவக் கோப்பில் ‘உயிர்ப்பிக்க வேண்டாம்’ என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்கிறேன். மிக மோசமான தமிழ். இவர்கள் நினைத்தால் உயிர்ப்பித்துவிடலாம், வேண்டுமென்றே செய்யாமல் விடுகிறார்கள் என்றுதான் மகன் படிப்பான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 வழிகாட்டியில் ‘முயற்சி’ என்ற சொல்லை இதற்குத்தான் உள்ளே கொண்டுவந்தது. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துவது ஒரு முயற்சி. வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது இதில் சாதாரணம். புற்றுநோய் உடலெங்கும் பரவியவருக்கு அந்த முயற்சி பலிப்பது அரிது. ஆகவே ‘உயிர்மீட்பு முயற்சி வேண்டாம்’. ஒரு சொல் கூடுதல்தான், ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் உண்மை இருக்கிறது.

அதே கழகம் 2018இல் வெளியிட்ட சொல் விளக்கத்தில், செயலறு கருணைக்கொலை (பயன் தராத சிகிச்சையை நிறுத்தி இறக்கவிடுவதற்கு வைத்த பெயர்) என்ற வகைப்பெயரையே கைவிடச் சொல்லியிருக்கிறது. நம் செய்தித்தாள்கள் இன்னும் விடவில்லை. ‘கொலை’ என்று தலைப்பில் வந்தபின் எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்?

துண்டேட்டின் உள்ளடக்கம் பற்றி இரண்டு வார்த்தை. ‘மெஷின் எல்லாம் வேண்டாம்’ என்று எழுத விடாதீர்கள். எந்த மெஷின்? மூக்கில் வைக்கும் ஆக்ஸிஜனும் மெஷின்தான், டயாலிசிஸும் மெஷின்தான். நிமோனியாவுக்கு நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து நடந்து வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மூளை முற்றிலும் கெட்டபின் இரண்டு வாரம் தாண்டிக் கழுத்தில் துளைபோட்டுத் தொடர்வது வேறு. எழுதினால் நிலையையும் சேர்த்து எழுத வேண்டும்: “நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னால், சுவாசக் கருவி வேண்டாம்.” தெளிவில்லாத வாசகத்தைக் குழுக்கள் நடைமுறைப்படுத்தாது.

இடைப்பட்ட ஒரு வழிக்கும் பெயர் வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் கருவி வைத்துப் பார்ப்பது, தேறாவிட்டால் எடுப்பது என்று முன்பே ஒப்புக்கொள்வது. இதற்குக் ‘கெடு வைத்துப் பார்த்தல்’ என்பேன். ஊரில் எல்லோருக்கும் கெடு என்றால் தெரியும்.

‘எல்லா முயற்சியும் செய்யுங்கள்’ என்பதும் ஒரு விருப்பம். அதற்கும் தாளில் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் இது மறுப்புப் படிவம் ஆகிவிடும். எதை வேண்டாம் என்றாலும் வலிமருந்தும், வாய் துடைப்பதும், புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதும் நிற்காது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். “டாக்டர் கையை விரிச்சிட்டார்” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்புச் சேவைக்கு ‘நோய் ஆதரவு’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஆதரவு’ என்ற சொல்லில் கைவிரிப்பு இல்லை.

மடல் 5
அனுப்பியவர்: சி. (யாழ்ப்பாணம்)

> முதலாவதற்குத்தான் நல்ல பெயர் வேண்டும்.

ஓம். வீட்டில் நடக்கும் அந்தப் பேச்சுக்குச் சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: சொல்லிவைத்தல்.

தமிழில் ‘வை’ என்ற துணைவினை பின்னால் உதவட்டும் என்று இப்போதே செய்வதைக் குறிக்கும். சமைத்துவை, வாங்கிவை, கேட்டுவை. ‘முன்கூட்டிய’ என்ற அடைமொழியின் வேலை முழுவதையும் இந்த ஒரே எழுத்து செய்துவிடுகிறது. சொல் வளைந்தும் கொடுக்கும். ‘அம்மா சொல்லிவைத்தது’ உள்ளடக்கம், ‘சொல்லிவைத்தவர்’ நோயாளி, ‘சொல்லிவைக்காதவர்’ மற்றவர். கேள்வியாகவும் வரும்: “வீட்டில சொல்லிவைச்சிட்டீங்களோ?” இதே கேள்வியைத் ‘திட்டமிடல்’ வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கம் சொத்து உயிலை மரணசாதனம் என்பார்கள். அந்தச் சொல்லின் நிழல் இதில் விழாது.

மடல் 6
அனுப்பியவர்: இரா.

நல்ல சொல். இரண்டு எச்சரிக்கைகள். ‘சொல்லி வைத்த மாதிரி’ என்றால் கூட்டுச்சதி போலவும் பொருள் வரும், ‘அவனுக்குச் சொல்லி வை’ என்றால் மிரட்டல். முன்னால் ‘சிகிச்சை விருப்பம்’ என்று சேர்த்தால் இரண்டும் அடங்கிவிடும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். ஆவணத்துக்கு இதே போக்கில் ‘எழுதிவைத்தல்’ என்று யாரும் நீட்டிவிட வேண்டாம். எழுதி வைப்பது என்றால் சொத்து. அதைவிட மோசம், ‘கடிதம் எழுதி வைத்துவிட்டு’ என்று செய்தியில் வந்தால் அடுத்த சொல் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆவணத்துக்கு மா.க. சொன்ன ‘சிகிச்சை முன்விருப்ப ஆவணம்’ போதும். நோட்டரி எழுதவும் தடையில்லை.

மூன்றாவது பொருள், நோயாளிக்காகப் பேசும் ஆள், இன்னும் நிற்கிறது. தீர்ப்பில் உள்ள ‘கார்டியன்’ என்ற சொல்லைக் ‘காப்பாளர்’, ‘பாதுகாவலர்’ என்று பெயர்த்தால் மைனர் பிள்ளைக்கான ஆள் ஆகிவிடுகிறது. ‘முகவர்’ எல்.ஐ.சி.க்குப் போய்விட்டது. ‘வாரிசு’ வேண்டவே வேண்டாம், வாரிசாக இல்லாதவரையும் நியமிக்கலாம் என்பதுதானே விஷயம். ‘சார்பாளர்’ எப்படி?

மடல் 7
அனுப்பியவர்: ப.

சார்பாளர் சரி. ஆனால் அவர் வேலையைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டால் மகள் உடைந்துபோவாள், அப்பாவைக் கொன்ற பழி தன்மேல் என்று. கேட்க வேண்டியது: “அப்பா இங்கே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டால் என்ன சொல்வார்?” சார்பாளர் தன் விருப்பத்தைச் சொல்பவர் அல்ல, சொல்லிவைத்ததை எடுத்துச் சொல்பவர். பெயருக்குக் கீழே இந்த ஒரு வரியைச் சேருங்கள்.

இன்னொன்று, சார்பாளருக்கு மட்டும் சொல்லிவைத்தால் போதாது. பத்து வருடம் பார்க்காத துபாய் மகன் கடைசி நாளில் விமானத்தில் இறங்கி “எங்கப்பாவைக் கைவிட்டுட்டீங்களா?” என்று ஐ.சி.யூ. வாசலில் கத்துவது வாடிக்கை. அமெரிக்க மருத்துவர்கள் இதைக் ‘கலிபோர்னியா மகள்’ என்று கேலியாகச் சொல்வார்கள், ஆக வியாதி நம்முடையது மட்டுமல்ல. மருந்து எளிது: சொல்லிவைக்கும் நாளில் அவரை வாட்ஸ்அப் காணொளியில் உட்காரவைப்பது.

மடல் 8
அனுப்பியவர்: ந.வே.

எல்லோருக்கும் நன்றி. அட்டைக்கு ‘சிகிச்சை விருப்பம் சொல்லிவைத்தல்’ என்று வைத்துக்கொண்டு உள்பக்கம் இப்படி அமைகிறது.

கூட்டம் 8 முதல் 10 பேர், ஒன்றரை மணி நேரம், மருத்துவமனைக்கு வெளியே. முதல் கூட்டத்தில் படிவம் எடுத்துவர வேண்டாம். தாளைப் பார்த்தால் பேச்சு கையெழுத்தை நோக்கி ஓடிவிடும். கேள்விகளின் வரிசை இது: உங்களால் பேச முடியாமல் போனால் உங்களை நன்றாகத் தெரிந்து பேசக்கூடியவர் யார்? ஒரு நாள் நல்ல நாளாக இருக்க உங்களுக்கு என்ன வேண்டும்? எந்த நிலை வந்தால் தாங்கமாட்டீர்கள்? வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? கருவி, குழாய் பற்றிய கேள்விகள் இரண்டாம் கூட்டத்தில். “எப்படிச் சாக விரும்புகிறீர்கள்?” என்று யாரும் கேட்கக் கூடாது, பயிற்சியிலேயே அடித்துச் சொல்லிவிடுவோம். “வாயில நல்ல வார்த்தை வரட்டும்” என்று யாராவது அதட்டினால் வாதிட வேண்டாம், “சரி, ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்று முதல் கேள்விக்குத் திரும்பினால் போதும். அந்த ஒரு பதில் கிடைத்தாலே அன்றைய கூட்டம் வீண் இல்லை.

ஆவணம் எழுதுகிறவர்களுக்கு: பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டாம். ஒரு படி சார்பாளரிடம், ஒன்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலரிடம். படத்தைப் பிள்ளைகள் எல்லோர் கைப்பேசியிலும்.

இன்னும் ஒன்று தீரவில்லை. துண்டேட்டில் ‘சார்பாளர்’ என்று அச்சடித்துக் கூட்டத்தில் ‘உங்களுக்காகப் பேசுறவர்’ என்று சொன்னால் இரண்டும் ஒருவர்தான் என்று புரியுமா? புரியாது என்றால் அச்சிலும் ‘எனக்காகப் பேசுபவர்’ என்றே போட்டு, ‘சார்பாளர்’ என்பதை நோட்டரிக்கு விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.