கன்வெர்ட் செய்யப்போய் மாட்டிக்கொண்ட கதைகள்

மாடிவீட்டு மைதிலி

நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. தம்பியின் தேர்வு விண்ணப்பம், கடைசி நாள், இரவு பதினொன்றரை. போட்டோ 50 கேபிக்குள் ஜேபிஜியாக வேண்டும். கையில் இருப்பதோ ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி, அதாவது ஐபோன் படத்தைச் சேமிக்கும் வேறொரு வடிவம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, பெயரில் புள்ளிக்கு அப்புறம் இருப்பதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று அடிப்பது. அடித்தேன். மேக்கில் திறந்தால் படம் பளிச்சென்று வருகிறது. ஏற்றினால் செல்லாது என்கிறது. மூன்று தடவை இதே கதை. தம்பி பக்கத்தில் நின்று பேசாமல் நகம் கடித்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

11.48க்கு, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தேன். கீழே ‘குயிக் ஆக்‌ஷன்ஸ்’, அதற்குள் ‘கன்வெர்ட் இமேஜ்’. ஜேபெக் (ஜேபிஜியேதான்), அளவு ‘ஸ்மால்’, அவ்வளவுதான். 34 கேபி. 11.53க்குச் சப்மிட். இரண்டு வருடமாகத் தினமும் அதே இடத்தில்தான் ரைட் கிளிக் செய்கிறேன், ஒரு நாளும் அந்த வரி கண்ணில் படவில்லை. அதுதான் உறுத்துகிறது.

கருப்பட்டி காபி

மைதிலி அக்கா, உங்களுக்காவது ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது.

அக்கா மகள் காதுகுத்து. 412 படம். துபாயிலிருந்து வர முடியாத அத்தானுக்கு அனுப்பச் சின்னதாக்க வேண்டும். டெர்மினலில் (கட்டளை அடிக்கிற ஜன்னல்) ‘சிப்ஸ்’ கட்டளை (மேக்கில் கூடவே வருவது, தின்கிறது இல்லை), பெரிய இஸட், 640 (நீளமான பக்கம் 640 பிக்சலாகட்டும் என்று அர்த்தம்), ஃபோல்டரில் உள்ள ஜேபிஜி எல்லாம், என்டர். பெயர்கள் சரசரவென்று ஓடியதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு. ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில், குழந்தை. ஆசாரி ஊசியைக் காதுக்குக் கொண்டுபோகிறார், அவள் வாயைத் திறந்து அழ ஆரம்பிக்கிறாள். கண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு சதுரம்.

வேறு இடத்தில் எழுது என்று ‘அவுட்’ போட்டுச் சொல்லாவிட்டால் சிப்ஸ் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். குப்பைத்தொட்டியிலும் கிடக்காது. கேமரா கார்டை முந்தைய நாள்தான் ஃபார்மட் செய்திருந்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. ஆல்பம் எப்போடா என்று தீபாவளிக்குக் கேட்டாள்.

சும்மா_இரு

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? எக்ஸ்டென்ஷனை, அதாவது புள்ளிக்கு அப்புறம் வருவதை, மாற்றினாலே போதும். பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன், எல்லாமே திறக்கிறது. மைதிலி மேடத்துக்கு நெட் ஸ்லோவாக இருந்திருக்கும்.

பழைய அச்சுக்கூடம்

தம்பி சும்மா_இரு, பெயர்ப்பலகையை மாற்றினால் சலூன் மெஸ் ஆகிவிடாது. உங்கள் கணினியில் திறக்கிறதென்றால், திறக்கிற மென்பொருள் பெயரை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். ஜேபெக் என்றால் கோப்பின் முதல் இரண்டு பைட் எஃப்எஃப், டி8 என்றுதான் தொடங்கும். விண்ணப்பத் தளமும் அதைப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பியிருக்கும். பார்க்காத தளங்களும் உண்டு. உங்கள் பத்து வருடம் அங்கேதான் ஓடியிருக்கிறது.

சரி, என் கதை. எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர், 2003ல் நானே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து, 96 பக்கம். இப்போது புது மலருக்குப் பழையதிலிருந்து சில கட்டுரைகள் வேண்டும் என்றார்கள். பேரன் மேக்கில் ‘டெக்ஸ்ட்யூட்டில்’ என்று ஒரு கட்டளை போட்டான். வேர்டு கோப்பு ஒரு நொடியில் வெறும் டெக்ஸ்ட் ஆகிவிட்டது. திறந்தால் தமிழே இல்லை. ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. பேரன் கோப்பு கெட்டுவிட்டது என்று மூடப்போனான். நான் கையைப் பிடித்தேன். அது ‘தமிழ்’ என்ற சொல், பாமினி விசை வரிசையில். என் விரல்களுக்குத் தெரியும்.

கருவி தப்பே செய்யவில்லை. அந்தக் கோப்புக்குள் என்றைக்கும் ஆங்கில எழுத்துதான் இருந்தது, எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்துரு போனதும் சாயம் வெளுத்துவிட்டது. தமிழக அரசே 2010ல், எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் யூனிகோடுக்கு மாற ஆணை போட்டது, நாங்கள்தான் மாறவில்லை. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து, அரைப்புள்ளியும் ஆங்கிலமுமாக இருந்த தர்மகர்த்தா உரையை வாய்விட்டு வாசித்தேன், பேரன் யூனிகோடில் அடித்தான். பாமினியை மாற்றித் தரும் இணையதளம் இருக்கிறது என்று அவன் மறுநாள்தான் சொன்னான். தெரிந்தே சொல்லாமல் இருந்தானா என்று கேட்கவில்லை.

நாலும் தெரிந்தவன்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். விண்டோஸ் நோட்பேடில் அம்மாவின் சமையல் குறிப்பைச் சேமிக்கும்போது ‘ஆன்சி’ (தமிழ் எழுத்துக்கு இடமில்லாத பழைய குறியீட்டு முறை) என்று கொடுத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் வத்தக்குழம்பு முழுக்கக் கேள்விக்குறி. எச்சரிக்கை காட்டியது, நான்தான் படிக்காமல் ஓகே கொடுத்தேன்.

அதனால் எல்லோருக்கும் சில விஷயங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று வைத்துவிடுங்கள், நேராக ஜேபெக்கிலேயே எடுக்கும். 2017ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்துதான் இந்த ஹெச்இஐசி தலைவலி. இடம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை. மைதிலி சொன்ன ‘கன்வெர்ட் இமேஜ்’ 2021ல் வந்த மேக்கின் மான்டரே பதிப்பிலிருந்துதான் உண்டு. பழைய மேக் என்றால் பிரிவியூவில் திறந்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள், தரத்தைக் கூட்டிக் குறைக்க அங்கே ஒரு பட்டியும் இருக்கும். கன்வெர்ட் செய்யும்போது ‘பிரிசர்வ் மெட்டாடேட்டா’ டிக் இருந்தால் படம் எடுத்த இடமும் கூடவே போகும், வீட்டுப் படத்தை ஊருக்கே அனுப்புகிறவர்கள் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ்காரர்கள் பிடிஎஃப் செய்ய எந்த மென்பொருளையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10லிருந்தே கன்ட்ரோல் பி அழுத்தினால் பிரின்டர் பட்டியலில் ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ இருக்கிறது. ஆனால் பக்கத்தில் உள்ள லிங்க்குகள் அதில் செத்துவிடும். எக்ஸ்டென்ஷன் கண்ணில் தெரிகிறமாதிரி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பெயர் மாற்றும்போது ஜேபிஜிக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும். எந்தக் கட்டளைக்கும் முன்னால் ஃபோல்டரை ஒரு காப்பி எடுங்கள். கேமரா கார்டை ஒரு மாதம் தொடாதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி…

கருப்பட்டி காபி

அண்ணா, காப்பி எடுக்கச் சொல்வது எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. 640ஐ மறுபடி 4000 ஆக்க வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

சும்மா_இரு

நான் சொன்னதில் தப்பில்லை. சில தளத்தில் ஏற்றுக்கொள்கிறது.

பழைய அச்சுக்கூடம்

அதைத்தானே நானும் சொன்னேன்.

மாடிவீட்டு மைதிலி

கருப்பட்டி, போன படம் போனதுதான். ஆனால் காதுகுத்துக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் போன் இருந்திருக்குமே? முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசியுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும்.

கருப்பட்டி காபி

கேட்டுப் பார்த்தேன் அக்கா. பெரியம்மா போனில் மூன்று படம் இருந்தது. டாக்குமென்ட்டாகவே அனுப்பினார்கள், அருமையான தெளிவு. மூன்றும் பந்தி.