ஃபெயில்ஓவர் முடிந்தும் பழைய சர்வரை விடாத கனெக்‌ஷன் பூல்

கேள்வி:
கிளவுடில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு பிரைமரி (எழுதும் முதன்மை சர்வர்), ஒரு ரெப்ளிகா (படிக்க மட்டும் முடிகிற நகல்). ஜாவா ஆப், ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் லைப்ரரி). நேற்று ராத்திரி ஃபெயில்ஓவர் (ரெப்ளிகா பிரைமரியாக மாறுவது) ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, ஆனால் ஆப் மட்டும் அரை மணி நேரம் 'ரீட்-ஒன்லி, இன்சர்ட் செய்ய முடியாது' என்று கத்திக்கொண்டே இருந்தது. ரீஸ்டார்ட் செய்யாமல் தப்பிக்க வழி உண்டா?

பதில்:
அரை மணி நேரம் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. ஹிகாரியில் மேக்ஸ்லைஃப்டைம், அதாவது ஒரு கனெக்‌ஷனின் அதிகபட்ச ஆயுள், டிஃபால்ட்டாக 30 நிமிடம். பழைய பிரைமரி ரெப்ளிகாவாக மாறி உயிரோடுதான் இருக்கிறது, செலக்ட் போட்டால் பதில் சொல்கிறது, அதனால் பூல் அந்தக் கனெக்‌ஷன்களை நல்லவை என்றே நம்பி வைத்திருக்கும். மேக்ஸ்லைஃப்டைமை 5 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். அப்புறம் ஜேடிபிசி யூஆர்எல்லில் (ஆப் டேட்டாபேஸோடு இணையும் முகவரி) இரண்டு ஹோஸ்ட்டையும் கொடுத்து டார்கெட்சர்வர்டைப்பை பிரைமரி என்று வையுங்கள், புதுக் கனெக்‌ஷன் தானே சரியான சர்வரைத் தேடிப் போகும்.

இன்னொரு பதில்:
சாக்கெட்டைம்அவுட்டையும் (சர்வர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற செட்டிங்) பாருங்கள். டிஃபால்ட் 0, அதாவது முடிவில்லாமல் காத்திருக்கும். சர்வர் சத்தமில்லாமல் செத்தால் த்ரெட் தொங்கிவிடும், நான் பட்டிருக்கிறேன்.

கேட்டவர்:
சரி, பூல் அளவு 50, ஆப் 6 இடத்தில் ஓடுகிறது. அதுவும் பிரச்சினையா?

பதில்:
300 கனெக்‌ஷனா! போஸ்ட்கிரெஸ் ஏற்கும் கனெக்‌ஷன் வரம்பு டிஃபால்ட்டே 100தான். பூல் அளவை 10ஆக இறக்கிப் பாருங்கள், பத்தாவிட்டால் நடுவில் பிஜிபவுன்சர் (பல கனெக்‌ஷன்களைச் சிலவற்றில் அடக்கும் இடைநிலை புரோகிராம்) வையுங்கள்.