மறுமொழி: பழைய வடிகட்டிப் பஞ்சுக்கு ஒரு பெயர்: உறைப்பஞ்சா, பிரைப்பஞ்சா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன், புது வடிகட்டிக்கு மாற்ற வேண்டிய பழைய பஞ்சுக்கான இந்த ஒரு சொல்லையாவது முடித்துவிடலாம் என்று எழுதுகிறேன். இழையைப் பாதியில் பார்ப்பவர்களுக்காக: சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் மீன் வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, வீட்டு மீன் தொட்டியின் வடிகட்டி பழுதானால் என்ன செய்வது என்று நான்கு மொழியிலும் ஒரு பக்கத் தாள் போடுகிறோம். தமிழ்ப் பக்கம் என் தலையில் விழுந்தது. மற்ற மூன்றும் முடிந்துவிட்டன, சொல்லவா வேண்டும்.

> முதலில் இம்பெல்லருக்குத் தமிழ் காண்போம். உந்துருளி, தள்ளுவிசிறி, சுழலிதழ் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு அப்புறம் பஞ்சுக்கு வரலாம்.

ஜூரோங் வெஸ்ட் ஐயா, மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் என் தாளில் இம்பெல்லர் (வடிகட்டிக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் பாகம்) இம்பெல்லராகவே இருக்கட்டும். அது கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள். சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கும் மீன் கடைகளில் போய் உந்துருளி கொடுங்கள் என்றால் யாருக்கு விளங்கும்? பழையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுவதுதான் நடைமுறை. பொருளைக் காட்டினால் போதும் என்கிற இடத்தில் புதுச்சொல்லுக்கு வேலை குறைவு.

அந்தப் பாகத்துக்குத் தேவை நல்ல விளக்கம்தான். வடிகட்டி கடகடவென்று சத்தம் போட்டாலோ, தண்ணீர் வரத்து குறைந்தாலோ, முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் (230 வோல்ட், ஈரக் கை) கழற்றிப் பாருங்கள்: ஓர் உருளைக் காந்தம், அதன் தலையில் சில இதழ்கள், நடுவே ஊசி போல ஒரு பீங்கான் தண்டு. தண்டு இரண்டாக முறிந்திருக்கும், அல்லது காந்தத்தைச் சுற்றி வழவழவென்று பாசி அப்பியிருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரு துருவக் காந்தம் என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்று. அந்த வேகத்தில் மெல்லிய சளிப்படலம்கூடப் பிடித்து இழுக்கும்.

இன்னொன்று. பெரும்பாலான சிறு பம்புகளில் இதழை விரலால் திருப்பினால் காந்தம் உடனே கூடவே வராது. கொஞ்சம் தளர்வாக நழுவி, அப்புறம்தான் பிடிக்கும். அதை உடைசல் என்று நினைத்துப் பசை போட்டு ஒட்டியவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு. அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைத்தது. காந்தம் முதலில் தண்ணீரின் பாரம் இல்லாமல் அசைந்து வேகம் பிடிக்கட்டும் என்பதற்காக. இந்த மோட்டார் எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்பதும் நிச்சயம் இல்லை. இதழ்கள் வளையாமல் நேராக இருப்பது அதனால்தான். ஒட்டிவிட்டால் முனகிக்கொண்டே கிடக்கும். இதையெல்லாம் தாளில் இம்பெல்லர் என்ற சொல்லை வைத்துக்கொண்டே எழுதிவிட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை.

பஞ்சு விஷயம் அப்படி இல்லை. அங்கே பெயர் இல்லாததால் மீன் சாகிறது.

நடப்பது இதுதான். மோட்டார் சுருள் எரிந்துவிட்டது. அது பிசினுக்குள் அடைத்து வைத்தது, பிரித்துச் சரிசெய்ய முடியாது. சரி, புது வடிகட்டி வாங்குகிறார்கள். பழையதை அப்படியே, உள்ளே இருக்கும் பஞ்சோடும் பீங்கான் வளையங்களோடும், குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். புது வடிகட்டி, புதுப் பஞ்சு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களில் பெரும்பங்கு குடியிருந்தது அந்தப் பழுப்பு நிறப் பஞ்சில். அதைத்தான் தூக்கிப் போட்டார்கள். அழுக்கு என்று நினைத்தார்கள், வேறென்ன நினைப்பார்கள்? அதற்குத் தமிழில் வேறு பெயர் யாரும் சொல்லவில்லையே.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன்.

"நுண்ணுயிர் செறிந்த வடிகட்டு ஊடகம்": தப்பில்லை. ஆனால் தொட்டி அருகே ஈரக் கையோடு நிற்பவர் இதைப் படித்து முடிப்பதற்குள் பஞ்சு காய்ந்துவிடும்.

"பாக்டீரியாப் பஞ்சு": பாக்டீரியா என்றதும் டெட்டாலைத் தேடுகிற வீடுகள்தான் அதிகம். போக, அறிவியலும் இடிக்கிறது. நன்னீர் மீன் தொட்டிகளின் வடிகட்டிகளில் அம்மோனியாவை மாற்றும் வேலையில் பல இடங்களில் முன்னே நிற்பவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறு நுண்ணுயிர் வகை என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாக்களில் சில, அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தாமே முடிப்பவை என்பது 2015-இல் தெரிந்தது. யார் எந்த வேலை செய்கிறார்கள் என்பதே இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. பெயருக்குள் அதைக் கட்டிப்போட வேண்டாம்.

"விதைப்பஞ்சு": விதைநெல் போல எடுத்து வைப்பது என்ற எண்ணம் அழகு. ஆனால் பஞ்சும் விதையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பருத்திக் கொட்டைதான் நினைவுக்கு வருகிறது.

> உறைப்பஞ்சு. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, புது வடிகட்டிக்குப் பழைய பஞ்சு. சமையலறை தெரிந்த யாருக்கும் விளங்கும்.

ஈசூன் அக்கா, இழையில் வந்த சொற்களில் உயிருள்ளது இதுதான். உறை என்றதும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும், கழுவிவிடக் கூடாது, அடுத்ததில் சேர்க்க வேண்டும் என்ற மூன்றும் கைக்குத் தானாக வருகின்றன. நான் ஒரு தாள் முழுக்க எழுதிச் சொல்ல வேண்டியதை இரண்டு எழுத்து சொல்லிவிடுகிறது. தங்கியிருத்தல் என்ற இன்னொரு பொருளும் இங்கே பொருந்துகிறது.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் சின்ன மீன்கள் சிக்காமல் இருக்க ஒரு பஞ்சை மாட்டுவோமே, இறால், கப்பிக் குஞ்சு வளர்ப்பவர்கள் எல்லோரும் மாட்டுவது. அது தலையணை உறை மாதிரி அப்படியே குழாயின் மேல் ஏறுகிறது. உறைப்பஞ்சு என்றால் பாதிப் பேர் அதைத்தான் எடுப்பார்கள். ஒரே வடிகட்டியில் இரண்டு பஞ்சு, இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது என்றால் தாள் குழப்பும்.

அதனால் என் பரிந்துரை பிரை. பிரைமோர், பிரை ஊற்றுதல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது. உறைமோருக்கு இன்னொரு பெயர், அகராதியிலும் உண்டு. பேச்சில் சிலர் புரை என்பார்கள். அதை எடுத்தால் கண்புரை வந்து நிற்கும், பிரையே இருக்கட்டும். பஞ்சுக்குப் பிரைப்பஞ்சு, பீங்கான் வளையத்துக்குப் பிரைவளையம், செய்கைக்குப் பிரையிடுதல். குழாய் வாயில் மாட்டுவதற்கு உறைப்பஞ்சு என்ற சொல்லும் மிச்சமாகிறது, அக்கா கொடுத்த சொல் வீணாகவில்லை.

> தயிர் ஒப்புமை அறிவியல்படி தவறு. தயிரில் பால் மாறுகிறது. தொட்டியில் தண்ணீர் மாறுவதில்லை.

கொளத்தூர் நண்பர் சொல்வது சரிதான். மோர் பால் முழுவதும் கலந்துவிடுகிறது; இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் ஒரு பரப்பைப் பிடித்துக்கொண்டு வாழ்பவை. தொட்டித் தண்ணீரை மட்டும் புதுத் தொட்டிக்கு ஊற்றினால் அதிகப் பயன் இல்லை என்பதும் இதனால்தான். வேகமும் வேறு. தயிர் ஒரு ராத்திரியில் தோய்ந்துவிடும்; ஒன்றும் இல்லாமல் தொடங்கும் வடிகட்டி தயாராக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆனால் கலைச்சொல் எல்லா விதத்திலும் ஒத்துப்போக வேண்டியதில்லை. தவறான காரியத்தைச் செய்யத் தூண்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பிரை என்று நினைத்தவர் அதிகபட்சம் என்ன தவறு செய்வார்? மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து இரை அள்ளிப் போடுவார். அதற்கு ஒரு வரி எச்சரிக்கை போதும்.

ஒப்புமை கைவிடும் இடம் ஒன்று உண்டு, அதைத் தாளில் தடித்த எழுத்தில் போடப் போகிறேன். பிரைமோரை மூடி வைக்கலாம். பிரைப்பஞ்சை மூடி வைக்கக் கூடாது, இதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி (ஆக்சிஜன்) வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். நம் வீடுகளில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. மூடிய கேனிஸ்டரில் (தொட்டிக்கு வெளியே வைக்கும் அடைத்த வடிகட்டி) மோட்டார் நின்றால் உள்ளே இருப்பது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் அழுகல்தான். அந்த நிலையில் மறுபடி ஓட்டினால் அழுகிய முட்டை நாற்றத்தோடு அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் பாயும்.

குழாய்த் தண்ணீர் இன்னொரு ஆபத்து. ஊரில் வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று பழக்கம். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் சேர்ப்பது குளோரமின் என்ற கிருமிகொல்லி, அது வாளியில் ஒரு நாள் நின்றால் போகாது. பஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் மீனுக்காக நாம் காப்பாற்ற நினைத்ததை நாமே கொன்றுவிடுவோம்.

கருத்துச் சொல்லுங்கள்.

செங்காங்கிலிருந்து

——

ஈசூனிலிருந்து:

தம்பி, குழாய் வாய்ப் பஞ்சு சொன்ன பிறகு உறைப்பஞ்சை நான் விட்டுவிட்டேன். ஆனால் பிரை என்று நான் யாழ்ப்பாணத்தில் கேட்டதே இல்லை. எங்களுக்கு உறைமோர்தான். இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியாது, தயிர் டப்பாவில் வருகிறது. தெரியாத சொல் என்றால் புதிதாகக் கற்றுக்கொள்வார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "உறைமோர் போல" என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்.

நோய் வந்த தொட்டியின் பஞ்சை வேறு தொட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் போடுங்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், நம் ஆட்கள்.

——

ஜூரோங் வெஸ்டிலிருந்து:

தம்பி, இம்பெல்லரை விட்டுக்கொடுத்ததாக எண்ண வேண்டாம், அடுத்த மாதம் தனி இழை தொடங்குவேன்.

பிரையில் ஒரு சிக்கல். ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட ஊர் இது. மன்றத்தில் வாய்விட்டுப் படித்தால் பிறைப்பஞ்சு என்று காதில் விழும். பிறை வடிவில் வெட்ட வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள்.

——

செங்காங்கிலிருந்து:

ஐயா, கேட்டால் நல்லதுதான். புது வடிகட்டியின் கூடைக்குப் பழைய பஞ்சு பொருந்தாவிட்டால் எப்படியும் வெட்டித்தான் வைக்க வேண்டும். பிறையாக வெட்டினாலும் வேலை செய்யும். எழுத்தில் குழப்பம் இல்லை, தாள் எழுத்துதானே.

அக்கா சொன்ன இரண்டையும் சேர்த்து எழுதிய பத்தி கீழே. நாளை மாலைக்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

"மோட்டார் நின்றுவிட்டால் முதலில் பிளக்கைப் பிடுங்கவும். வடிகட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பழுப்புப் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் எடுத்து உடனே தொட்டித் தண்ணீருக்குள் போடவும். காற்றுக்கல் (காற்றுக் குமிழி விடும் கல்) இருந்தால் பக்கத்தில் ஓட விடவும். இவைதான் உங்கள் பிரை (பாலுக்கு உறைமோர் போல). தூக்கிப் போட வேண்டாம், குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம், காய விட வேண்டாம். அழுக்கு அதிகம் என்றால் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து அதில் இரண்டு முறை அலசினால் போதும். புது வடிகட்டி வந்ததும் பிரைப்பஞ்சை அதன் கூடையில், புதுப் பஞ்சுக்கு முன்னால் வைக்கவும். பொருந்தாவிட்டால் வெட்டி வைக்கலாம். பழைய வடிகட்டி இன்னும் ஓடுகிறது, சத்தம் மட்டும்தான் என்றால் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். புதியதையும் பழையதையும் சில வாரம் ஒரே தொட்டியில் சேர்த்து ஓட விடவும். பிரையிட்ட பிறகும் முதல் இரண்டு வாரம் இரையைப் பாதியாகக் குறைத்து, அம்மோனியாவைச் சோதித்து வரவும். மீன்களுக்கு நோய் இருந்த தொட்டியின் பிரையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்."